ஈய ஜிக்கா, டங்ஸ்டன் ஜிக்கா: மரத்துக்குள் வீசுகிறவன் கணக்கு

போன மார்ச்சில் டெக்ஸஸின் லேக் ஃபோர்க் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கப் போய், ஒரே காலையில் ஆறு ஜிக்குகளை, அதாவது கனத்த தலை வைத்த தூண்டில் முட்களை, தொலைத்தேன். ஆறும் ஈயம், நானே வார்த்தவை. ஒன்றுக்கு ஒன்றேகால் டாலர் செலவாகியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு அதே ஏரியில் இரண்டே இரண்டு டங்ஸ்டன் ஜிக்குகளைத் தொலைத்துவிட்டு, அதற்கப்புறம் வீச மனமே வராமல் படகில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த இரண்டு நாட்களிலிருந்து வந்ததுதான்.

லேக் ஃபோர்க் டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். 1980-களின் தொடக்கத்தில் தண்ணீரைத் தேக்கியபோது, மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் மொட்டை மரங்கள் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. கீழே எத்தனை கிளைகள் என்பது ஜிக் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். டெக்ஸஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ் மீன் 1992 ஜனவரியில் இங்கேதான் சிக்கியது. பிடித்தவர் கிராப்பி மீனுக்காக உயிருள்ள குட்டி மீனைக் கோத்துப் போட்டிருந்தார். ஈயமா டங்ஸ்டனா என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை.

ஜிக் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தூண்டில் முள்ளின் கழுத்தில் கனமான ஒரு தலை, அதைச் சுற்றி ரப்பர் குஞ்சம், பின்னால் கோத்துவிட ஒரு பிளாஸ்டிக் கொடுக்கு. அடியில் மெதுவாகத் தட்டித் தட்டி இழுத்தால் பாஸ் அதை சிங்கி இறால் போலிருக்கும் க்ராஃபிஷ் என்று நினைத்து வாயில் போடும். நம் கேள்வி அந்தத் தலையைப் பற்றியது மட்டுமே.

தெரிந்த சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். சுத்தமான டங்ஸ்டன் 19.3. ஜிக்கில் வருவது கலப்பு உலோகம் என்பதால் கொஞ்சம் குறையும். ஆக, அதே எடைக்கு டங்ஸ்டன் தலை சின்னது, கூடவே கெட்டியானது. ஈயம் நஞ்சு. விலையைப் பார்த்தால், நான் வாங்கும் கடையில் ஈய ஜிக் நான்கைந்து டாலர், டங்ஸ்டன் ஒன்பதிலிருந்து பதினொன்று. அது இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உலக டங்ஸ்டனில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சீனாவிலிருந்து வருகிறது, 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். ஊரில் அம்மாவிடம் ஒரு தடவை பேச்சுவாக்கில் டங்ஸ்டன் வாங்கியதைச் சொன்னேன். "அரிட்டாபட்டியில தோண்டக் கூடாதுன்னு அவ்வளவு பேர் நடந்தாங்களே, அதையா மீன் பிடிக்க வாங்குன?" என்றார். மேலூர்ப் பக்கத்தில் அந்தச் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. டங்ஸ்டன் என்றால் எங்கள் வீட்டில் இனி பல்பு ஞாபகம் வராது.

அளவு விஷயத்துக்கு வருவோம். டங்ஸ்டன் தலை கிட்டத்தட்ட 40 விழுக்காடு சிறியது என்று விற்கிறார்கள். பொய் இல்லை, ஆனால் அது கன அளவில். அரை அவுன்ஸ் என்பது 14 கிராம் சொச்சம். அதை உருண்டையாக எடுத்துக்கொண்டால் ஈயத்துக்கு விட்டம் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, டங்ஸ்டனுக்குப் பதினொன்றரை. குறுக்கே பார்த்தால் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் தலையைச் சுற்றி ஐம்பது ரப்பர் இழை விரிந்து நிற்கிறது, பின்னால் மூன்றங்குலக் கொடுக்கு ஆடுகிறது. மீனுக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் எங்கே தெரியப்போகிறது? குஞ்சம் இல்லாத குட்டித் தலைகளில், தெளிந்த தண்ணீரில், கதை வேறாக இருக்கலாம். குஞ்சம் கட்டிய ஜிக்கில் சிறிய உருவம் என்பதற்காக மட்டும் இருமடங்கு விலை கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கையில் தெரியும் உணர்வு வேறு விஷயம். அதில் டங்ஸ்டனோடு வாதாடப் போவதில்லை. ஈயம் மெத்தென்ற உலோகம், கல்லில் இடித்தால் அதிர்வில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். டங்ஸ்டன் இடித்தால் 'டிக்' என்று தூண்டில் நரம்பு வழியே கழிக்கு ஏறி விரல்வரை வரும். 20 அடி ஆழத்தில் சேறு முடிந்து சரளை தொடங்கும் இடத்தை டங்ஸ்டன் முதல் வீச்சிலேயே சொல்லிவிட்டது, ஈயத்துக்கு மூன்று நான்கு வீச்சு ஆனது. அந்த விளிம்பில்தான் கோடையில் மீன் கூட்டமாக நிற்கும். ஆனால் ஒன்று: நான் நைலான் நரம்பை விட்டு ஃப்ளூரோகார்பனுக்கு மாறியபோது கிடைத்த வித்தியாசம் இதைவிடப் பெரிதாகத் தோன்றியது. பழைய நைலானில் கட்டிக்கொண்டு டங்ஸ்டனுக்குப் பணம் கொடுப்பவர் முதலில் நரம்பை மாற்றிப் பார்க்கலாம்.

இதுவரை தராசு டங்ஸ்டன் பக்கம்தான் சாய்கிறது. அப்படியிருந்தும் நான் ஈயத்துக்குத் திரும்பியதற்கு ஒரே காரணம் பயம்.

மரத்தில் பாஸ் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வெளியே திறந்த தண்ணீரில் இல்லை. கிளை தண்டோடு சேரும் கவட்டையில், நிழலில், தலையை வெளியே நீட்டிக்கொண்டு. ஜிக் அந்தக் கவட்டைக்குள் விழ வேண்டும், ஒரு கிளை மேல் ஏறி அந்தப் பக்கம் சரிய வேண்டும். சரியும்போதுதான் கடி. முள்ளுக்கு முன்னால் நார்க்கற்றை வைத்திருக்கிறார்கள், மாட்டாமல் இருக்க. அது பத்தில் எட்டுத் தடவை காப்பாற்றும், மீதி இரண்டு தடவை நரம்பை அறுக்க வேண்டியதுதான்.

நரம்பு முனையில் பத்து டாலர் தொங்கும்போது என் கை என்னைக் கேட்காமலே இரண்டடி முன்னால் வீசியது. வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு வீச்சும் மரத்துக்கு வெளியே அழகாக விழுந்தது, ஒன்றும் கடிக்கவில்லை. இர்விங்கிலிருந்து வந்த நண்பர் படகின் பின்னாலிருந்து, நான் நான்கு முறை வீசி விட்டுவிட்ட அதே மரத்துக்குள் ஒரு ஈய ஜிக்கைச் செருகி ஐந்து பவுண்டு மீனை இழுத்தார். இந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. அளந்து, படம் எடுத்து, விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, நீங்க மரத்துக்கு ரொம்ப மரியாதை குடுத்து வீசுறீங்க."

மாட்டிக்கொண்ட பிறகும் விலை குறுக்கே வரும். டங்ஸ்டன் என்றால் சும்மா அறுத்துவிட மனம் வராது. மோட்டாரை ஓட்டி மரத்துக்கு மேலேயே போய், மீட்பு எடையை நரம்பில் கோத்து இறக்கி, கிளையை உலுக்கி எப்படியாவது எடுத்துவிடுவோம். ஜிக் கிடைக்கும், அந்த மரத்திலிருந்த மீனெல்லாம் போய்விடும். ஈயமென்றால் ஒரு சுண்டு, அறுந்தது, அடுத்ததைக் கட்டி அதே கவட்டைக்குள் மறுபடி வீசலாம். மார்ச்சில் ஆறு தொலைத்தேன் என்றேனே, அன்றைக்கு நான்கு மீன். நான்கில் இரண்டு, ஜிக்கை இழந்த அதே மரத்தில் அடுத்த வீச்சில் வந்தவை. பணக் கஷ்டம் இல்லாதவருக்கு, அல்லது தொலைந்ததை உடனே மறந்துவிடும் சுபாவம் உள்ளவருக்கு, இந்த வாதம் செல்லாது. நான் ஒற்றைச் செருப்பு அறுந்தால்கூட ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருப்பவன்.

ஈயத்தின் இன்னொரு சௌகரியம், வீட்டில் வார்க்கலாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை அடுப்பில் காயவிட்டு உருக்கிய கதை நம் வீடுகளில் எல்லாம் உண்டு. அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸிலேயே ஒழுகிவிடும். நாம் பேசுவது காரீயம், 327 டிகிரி. டங்ஸ்டனுக்கு 3,400-க்கும் மேல். அதை யாரும் வீட்டில் உருக்க முடியாது, ஆலையிலேயே பொடியாக அழுத்திச் சுட்டுத்தான் செய்கிறார்கள். எனக்கு ஒரு சின்ன மின் உலை, ஒரு அலுமினிய அச்சு, ஒரு டப்பா முள், ஒரு கட்டு ரப்பர் குஞ்சம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாற்பது ஐம்பது தலை. பழைய டயர் எடைகளை உருக்குபவர்கள் இப்போது கவனமாக இருக்க வேண்டும், அவற்றில் பல துத்தநாகமோ இரும்போ ஆகிவிட்டன. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும் என்பதால் உலையை அதற்குக் கீழே வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிடலாம். கலந்துவிட்டால் அச்சின் மூலைக்கு உலோகம் போகாமல் பாதித் தலையோடு வரும்.

ஆனால் விளையாட்டில்லை. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது நொடியில் ஆவியாகி உலையில் உள்ளதை முகத்தில் வீசும். புகையைவிட மேலே மிதக்கும் கசடும் தூசியும்தான் கை வழியே வாய்க்குப் போகிறவை. எனக்குத் தனிச் சட்டை, தனிக் கையுறை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். "அந்தச் சாமான்ல ஒண்ணு சமையலறைப் பக்கம் வந்துச்சுன்னா, உலையோட சேர்ந்து நீங்களும் கராஜ்லயே இருந்துக்கலாம்" என்று வீட்டில் உத்தரவு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வார்க்கவே வேண்டாம், கடையில் வாங்குங்கள்.

டங்ஸ்டனில் எனக்கு ஒரு கசப்பும் உண்டு. ஈயத்தை முள்ளைச் சுற்றி அப்படியே வார்க்கிறோம், முள் அதற்குள் புதைந்து நிற்கும். டங்ஸ்டனில் அது முடியாது என்பதால் முள்ளைப் பள்ளத்தில் வைத்து ஒட்டுகிறார்கள். நான் வாங்கியவற்றில் ஒன்றில் மூன்றாவது பயணத்திலேயே முள் ஆட ஆரம்பித்தது. மீன் இருக்கும்போது கழன்றிருந்தால் அழுதிருப்பேன். ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறை சொல்ல மாட்டேன், மற்றவை நன்றாகவே இருக்கின்றன. பெயின்ட் மட்டும் எல்லாவற்றிலும் சீக்கிரம் உதிர்ந்தது.

டங்ஸ்டனை மொத்தமாக விட்டுவிட்டேனா என்றால் இல்லை. தண்ணீர்ப் பரப்பில் ஹைட்ரில்லா பாசி பாய் போல மூடிக்கிடக்கும் இடத்தில் ஒரு அவுன்ஸ், ஒன்றரை அவுன்ஸ் குண்டைச் செருகுவதற்கு ஈயம் தடித்தது, பாய்மேலேயே உட்கார்ந்துவிடும். அங்கே அந்த இரண்டு மில்லிமீட்டர் பேசும். நரம்பில் கோக்கும் குண்டு எல்லாம் எனக்கு டங்ஸ்டன்தான், அவை அவ்வளவாகத் தொலைவதும் இல்லை. கோடையில் மரமில்லாத ஆழச் சரளையில் இழுக்க நான்கு டங்ஸ்டன் ஜிக் தனிப் பெட்டியில் இருக்கின்றன. குளிர்காலத்துப் பாறைக் கரைகளில் எது மேல் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படி நான் மீன் பிடித்தது மொத்தம் ஐந்தாறு நாள்தான்.

மேலே சொன்னதெல்லாம் டெக்ஸஸுக்கு. மச்சான் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் இந்தக் கேள்வியே கிடையாது. ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈயக்குண்டு, ஈய ஜிக் இரண்டையும் நன்னீரில் பயன்படுத்தவும் விற்கவும் 2016 ஜூனிலிருந்து தடை. பெயின்ட் பூசியிருந்தாலும் ஈயம் ஈயம்தான். பக்கத்து மாசசூசெட்ஸின் உள்நாட்டு நீர்நிலைகளில் 2012 முதலே ஒரு அவுன்ஸுக்குக் குறைந்தவற்றுக்குத் தடை இருக்கிறது. காரணம் லூன் என்ற நீர்ப்பறவை. இரையை அரைக்க அது கூழாங்கல்லை விழுங்கும், அதோடு ஈயக்குண்டையும் விழுங்கிவிடும். அல்லது ஜிக் மாட்டி நரம்பறுத்துப் போன மீனைத் தின்னும். அரைப்பையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும். ஒரே ஒரு ஜிக் போதும். நியூ ஹாம்ப்ஷயரில் இறந்து கிடைத்த வளர்ந்த லூன்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்ததில், சாவுக்குக் காரணமாக முதலிடத்தில் நின்றது இந்த ஈயம்தான்.

லூன்கள் குளிர்காலத்தில் டெக்ஸஸின் பெரிய ஏரிகளுக்கும் வருகின்றன. நான் அறுத்துவிட்ட அரை அவுன்ஸ் ஜிக்குகள் அந்த எடைக் கணக்குக்குள்தான் வருகின்றன. அவை கிளையில் மாட்டித் தொங்குகின்றன, பறவைக்கு எட்டாது என்று சொல்லிக்கொள்கிறேன். அது முழுக்க என் வசதிக்காகச் சொல்லிக்கொள்வது என்றும் தெரியும். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வெள்ளீயத்துக்கும் பிஸ்மத்துக்கும் இதே உலை போதும், இதே அச்சில் வார்த்துவிடலாம். இரண்டுமே ஈயத்தைவிட லேசு என்பதால் தலை கொஞ்சம் எடை குறைந்து வரும். ஒரு கட்டி பிஸ்மத் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் உருக்கவில்லை.

ஜூனில் மச்சான் வீட்டுக்குப் போகிறோம். வின்னிபசாக்கி ஏரியில் ஸ்மால்மௌத் பாஸ் பிடிக்கலாம் என்று படகுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அங்கே அடி பாறையும் சரளையும், மூழ்கிய காடு கிடையாது. அந்த நான்கு டங்ஸ்டன் ஜிக்கும், முள்ளாடுகிற ஒன்றைத் தவிர்த்து மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் ஏறுகின்றன. ஈயமெல்லாம் கராஜில்.