நான்கு நாள் விடுப்புக்கு சியாம் ரீப்பா, யோக்யகர்த்தாவா?

பழங்கோயில்களும் பார்க்க வேண்டும், சாயங்காலத்தில் அவசரமில்லாமல் சுற்ற ஒரு ஊரும் வேண்டும் என்றால் தென்கிழக்காசியாவில் முதலில் போட்டிக்கு வருபவை இரண்டு: கம்போடியாவின் சியாம் ரீப், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா. மியான்மரின் பழங்கோயில் நகரமான பாகனும் உண்டுதான். ஆனால் 2021-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த நாடு இருக்கும் நிலையில் அதை யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

கோயில் எண்ணிக்கையில் சியாம் ரீப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் எல்லாம் ஊரிலிருந்து துக்-துக்கில் போய்வரும் தூரம். எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு: ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. அந்த மூன்று நாளும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஒரு நாள் சீட்டு வாங்குவது வீண். வெயிலில் ஓடியதுதான் மிஞ்சும்.

அங்கோர் வாட்டில் விடிகாலைக் கூட்டம் முழுக்கக் குளக்கரையில் படம் எடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கிழக்குப் பிரகாரத்துக்குப் போய்விடுங்கள். பாற்கடல் கடையும் காட்சி ஒரே சுவரில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். வாசுகியை இருபுறமும் இழுக்கிறார்கள், நடுவில் திருமால், மேலே அப்சரஸ்கள். ஆனால் என் ஓட்டு, 967-இல் எழுந்த சின்னஞ்சிறு பன்டே ஸ்ரேய்க்குத்தான். செந்நிற மணற்கல்லில் மரவேலை போல நுணுக்கம். அங்கே ஆடும் சிவனுக்கு அருகே எலும்பும் தோலுமாக இருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஊரிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

யோக்யகர்த்தாவில் பார்க்க வேண்டிய பெரிய இடங்கள் இரண்டே, அவையும் எதிரெதிர் திசையில். கிழக்கே பிரம்பனான் என்ற இந்துக் கோயில் வளாகம், வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் போரோபுதூர் என்ற பெரிய பௌத்தத் தூபி. போரோபுதூரில் மேலே ஏற நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், முன்பதிவு இல்லாமல் கிளம்ப வேண்டாம். பிரம்பனானின் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். தெற்கு அறையில் அகத்தியர் நிற்கிறார், தொந்தியும் தாடியுமாக. வெளியே சுற்றுச்சுவரின் உட்புறம் ராமாயணம். வலம் வந்தபடியே கதை படிக்கலாம். சேது கட்டும் இடத்தில் கடலில் போடும் கற்களை மீன்கள் வாயில் கவ்வுகின்றன! அத்தோடு சுவர் முடிந்துவிடும். ராவணன் என்ன ஆனான் என்று பார்க்கப் பக்கத்துப் பிரம்மா கோயிலுக்குப் போக வேண்டும்.

சரி, ஊர்? சியாம் ரீப் சின்னது, சமதரை. ஆற்றங்கரையோரம் நடந்தே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். ஓய்வுக்கு நல்லது, ஆனால் பழைய சந்தையைச் சுற்றி எல்லாமே பயணிகளுக்காகவே இருப்பது போலத் தோன்றும். யோக்யகர்த்தாவில் நெரிசலும் மோட்டார் சைக்கிள் சத்தமும் அதிகம். ஆனால் அது தன்பாட்டுக்கு வாழும் ஊர்: சுல்தானின் அரண்மனை, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிப் பட்டறைகள், மாணவர் கூட்டம், இரவில் மாலியோபோரோ வீதி. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இங்கேதான் எளிது, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே எங்கும் கிடைக்கும். கம்போடியச் சமையலில் மீன் சாறு எதில் கலந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கூட வருபவர்களுக்கு மூன்றாவது கோயிலிலேயே சலிப்பு தட்டும் என்றால் யோக்யகர்த்தா. கல்லைப் பார்த்து அலுக்காதவர் என்றால் சியாம் ரீப். அப்புறம் விடுப்பு எந்த மாதம் என்பதையும் பாருங்கள். அங்கோருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம், ஏப்ரல் வெயிலில் மதியம் வெளியே நிற்க முடியாது. யோக்யகர்த்தா இருக்கும் ஜாவாவில் மழை ஓய்வது மே முதல் அக்டோபர் வரை. பிரம்பனான் பின்னணியில் திறந்தவெளி ராமாயண நாட்டிய நாடகம் நடப்பதும் அந்த மாதங்களில்தான்.