ரெண்டு வண்டிய குடுத்துட்டு ஒரே வண்டி: ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், ஒரு மவுண்டன் பைக் ரெண்டு பைக்கோட வேலைய முழுசா செய்யாது, செய்யும்னு யாராச்சும் அடிச்சு சொன்னா அவரு அத விக்கிறவரா இருப்பாரு. ஆனா அந்த ரெண்டையும் வச்சு நான் நெஜமாவே என்ன ஓட்டிட்டு இருந்தேனோ அதுல பெரும்பகுதிய இந்த ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ ஒண்ணே பண்ணிடுது, மிச்சம் நிக்கிற கொஞ்சூண்டுக்காக இன்னொரு வண்டிய வருஷம் பூரா தீனி போட்டு வளக்கணுமான்னு யோசிச்சா வேணாம்னு தான் தோணுது.

நான் இருக்கிறது நார்த் வான்கூவர், கனடா மேற்குக் கரை. வீட்டுக்கு மேலயே ஃப்ரோம் மலை, அந்தப் பக்கம் சீமோர் மலை, வண்டிய கார்ல ஏத்தினா ஸ்குவாமிஷ், இன்னும் கொஞ்சம் போனா விஸ்லர். என்கிட்ட இருந்தது ட்ரான்சிஷன் ஸ்பர் ஒண்ணு, முன்னாடி பின்னாடி ரெண்டும் 120 மிமீ ட்ராவல் (சஸ்பென்ஷன் அமுங்குற தூரம்), 29 இன்ச் வீலு, ஒத்தக் கையில தூக்கி கார்ல போடலாம். இன்னொண்ணு சான்டா க்ரூஸ் நோமாட் நாலாவது வெர்ஷன், 2017ல வந்தது, ரெண்டு பக்கமும் 170 மிமீ, 27.5 இன்ச் வீலு, நான் அதுல காயில் ஷாக் (காத்துக்குப் பதிலா ஸ்ப்ரிங் சுருள் வச்ச பின் சஸ்பென்ஷன்) போட்டிருந்தேன். ஒண்ணு ஏறப் பொறந்தது, இன்னொண்ணு இறங்கப் பொறந்தது. பேப்பர்ல பாத்தா சூப்பர் ஜோடி.

பிரச்சனை என்னன்னா இந்த ஊரு மலைல ஏத்தமும் இறக்கமும் ஒரே ரைட்ல தான் வருது. ஃப்ரோம்ல மவுண்டன் ஹைவேன்னு பேரு, ஆனா அது கார் போற ஹைவே இல்ல, சரளைக்கல் ரோடு, வளைஞ்சு வளைஞ்சு மேல போகும். அதுல ஸ்பர் சும்மா பறக்கும். மேல போய் செவன்த் சீக்ரெட்ங்கிற ட்ரெயிலுக்குள்ள திருப்பினா அங்க இருந்து ஈர வேரு, பாறை, திடீர்னு ரெண்டடி பள்ளம், அதே ஸ்பர் அங்க கை நடுங்க வைக்கும். ஓட்ட முடியாதுன்னு இல்ல, ஓட்டலாம், ஆனா ஒவ்வொரு வேருக்கும் லைன் யோசிச்சு யோசிச்சு ஓட்டணும், கொஞ்சம் தப்பினா ஹேண்டில் நம்ம கைல இல்ல. சரின்னு நோமாட எடுத்துட்டு போனா இறக்கம் சொர்க்கம், ஆனா மேல போய் சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிடும், ரெண்டாவது தடவை ஏறலாமான்னு கூட வர்றவங்க கேட்டா காது கேக்காத மாதிரி நிப்பேன்.

அப்பறம் மெயின்டனன்ஸ். இங்க அக்டோபர்ல மழை ஆரம்பிச்சா ஏப்ரல் வரைக்கும் சேறு தான். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குக்கு, அதான் முன்வீலத் தாங்குற சஸ்பென்ஷனுக்கு, 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை கீழ் கால கழட்டி எண்ணெய் மாத்தணும், 200 மணி நேரத்துக்கு ஒருக்கா முழு சர்வீஸ், இது ஒரு வண்டிக்கு. ரெண்டு வண்டின்னா ஃபோர்க்கு ரெண்டு, ஷாக்கு ரெண்டு, டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்ட ஏத்தி இறக்குற கம்பி) ரெண்டு, பேரிங் செட்டு ரெண்டு. அதுல ஒண்ணுக்கொண்ணு சேரவும் சேராது, டயர் சைஸ் வேற, பிரேக் பேட் வேற, சனிக்கிழமை காலைல பேட் தேஞ்சு போயிருக்கும், ட்ராயர்ல இருக்கிறது அடுத்த வண்டியோட பேடா இருக்கும். அபார்ட்மென்ட் லாக்கர்ல வைக்க இடமும் இல்ல, ஒண்ண எடுக்க இன்னொண்ண வெளிய இழுக்கணும், பெடல் போய் மத்ததோட ஸ்போக்ல மாட்டிக்கும்.

அதனால நடுவுல ஒண்ணு தேட ஆரம்பிச்சேன். 150 மிமீக்கு கிட்ட பின்னாடி, 160 மிமீ முன்னாடி, 29 இன்ச் வீலு. இந்த ரேஞ்ச தான் ஆல் மவுண்டன்னு சொல்றாங்க, சில கம்பெனி ட்ரெயில் பைக்ம்பாங்க, அவங்க கேட்டலாக் அவங்க இஷ்டம். மூணு வண்டி கணக்குல இருந்துச்சு. ஐபிஸ் ரிப்மோ ரெண்டாவது வெர்ஷன், பின்னாடி 147, முன்னாடி 160, டிடபிள்யூ லிங்க் சஸ்பென்ஷன். பெடல் போட்டு ஏறுறதுல மூணுல இது தான் ஒசத்தி, அத நான் ஒத்துக்குறேன், கூட ஓட்டுற நண்பர்கிட்ட வாங்கி ஓட்டினப்போ ஏத்தத்துக்கு ஷாக்க இறுக்குற க்ளைம்ப் லீவர தொடவே தோணல. அப்பறம் ட்ரான்சிஷன் சென்டினல் ரெண்டாவது வெர்ஷன், 150க்கு 160, ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க் நிக்கிற கோணம், கொறஞ்சா சாய்வு கூடும்) 63.6 டிகிரி, செங்குத்தா இறங்கும்போது வண்டி சாஞ்சு உக்காந்து நீ பாட்டுக்கு வான்னு சொல்ற மாதிரி இருக்கும், ஆனா சமதளத்துல குறுகலான வளைவுல அந்த முன்வீல திருப்ப கொஞ்சம் மல்லுக்கட்டணும். மூணாவது தான் ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ, 2020 கடைசில வந்த அந்த கார்பன் ஃபிரேம், பின்னாடி 150, முன்னாடி 160.

ஸ்டம்ப்ஜம்பர்ங்கிற பேரு 1981ல இருந்து வருது, ஃபேக்டரில மொத்தமா தயாரிச்சு வித்த முதல் மவுண்டன் பைக் அது தான். பேருக்காக வாங்கல, இந்த ஃபிரேம்ல ஹெட் ஆங்கிள 63ல இருந்து 65.5 டிகிரி வரைக்கும் நாமளே மாத்திக்கலாம்ங்கிறது தான் என்ன இழுத்துச்சு. மேல ஹெட்செட்ல (ஃபோர்க் திரும்புற பேரிங் இருக்கிற இடம்) ஒரு சாய்வு கப்பு, அத திருப்பிப் போட்டா இந்தப் பக்கம் ஒரு டிகிரி அந்தப் பக்கம் ஒரு டிகிரி. பின்னாடி செயின்ஸ்டே (பெடல் பக்கத்துல இருந்து பின்வீலுக்குப் போற கீழ்க் குழாய்) முனைல ஒரு சின்ன சிப்பு, அத திருப்பினா பாட்டம் பிராக்கெட், அதான் பெடல் அச்சு இருக்கிற இடம், 7 மிமீ ஏறும் இறங்கும். ஒரே வண்டிய ரெண்டு வண்டியா ஆக்கிக்கலாம்ல, அப்படின்னு கணக்கு.

செகண்ட் ஹேண்ட்ல எஸ்4 சைஸ் கெடச்சுது. இவங்க சைஸ் கணக்கு வேற மாதிரி, ஸ்மால் மீடியம்னு ஒயரத்த வச்சு சொல்லாம எஸ்1ல இருந்து எஸ்6 வரைக்கும் வண்டி நீளத்த வச்சு சொல்வாங்க, சீட் ட்யூப் கட்டையா இருக்கிறதால நமக்கு நீளமான வண்டி வேணுமா சுருக்கமானது வேணுமான்னு ஸ்டைல பொறுத்து எடுக்கலாம். நான் 5 அடி 10 இன்ச், எஸ்3யும் ஆகும் எஸ்4உம் ஆகும். எஸ்3ல ரீச் (பெடல் அச்சுல இருந்து ஹேண்டில் பக்கத்துக்கு கிடைமட்ட தூரம்) 448 மிமீ, எஸ்4ல 475. நோமாடோட நிலைப்பு கொஞ்சமாச்சும் வேணும்னு பெருச எடுத்தேன், எனக்கு அது சரியா போச்சு, குதிச்சு விளையாடுற டைப்பு ஆளுங்க சின்னத எடுங்க.

வாங்கினதும் ஷாக் செட்டப்புக்கு நேரம் ஒதுக்குங்க, இது ரொம்ப முக்கியம். ஷாக் 210க்கு 55, அதாவது மொத்த நீளம் 210 மிமீ, ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்குற தூரம்) 55 மிமீ. 30 சதவீதம் சேக் (நாம ஏறி நின்னதும் ஷாக் அமுங்குற அளவு) வேணும்னா 16.5 மிமீ அமுங்கணும். ரைடு போற ட்ரெஸ், ஹெல்மெட், தண்ணி பை எல்லாம் போட்டுக்கிட்டு சுவத்துல முழங்கைய சாச்சு பெடல் மேல எந்திரிச்சு நின்னு, ஷாக் தண்டுல இருக்கிற ரப்பர் வளையத்த சீல் வரைக்கும் தள்ளி விட்டு, மெதுவா இறங்கி ஸ்கேல் வச்சு அளக்கணும். சும்மா வீட்டு லுங்கியோட ஏறி நின்னு அளந்தா கணக்கு தப்பும். நான் 17 மிமீல வச்சிருக்கேன், அதுக்கு மேல விட்டா ஏத்தத்துல பெடல் வேருல இடிக்குது, 15க்கு கொறச்சா சின்ன சின்ன கல்லு எல்லாம் கைக்கு வந்து சேருது.

இப்ப ஏத்தம். ஸ்பர் மாதிரி இல்ல, பொய் சொல்ல மாட்டேன். இந்த வண்டி 14 கிலோவ தாண்டும், ஸ்பர் அதவிட நல்லாவே கம்மி. மவுண்டன் ஹைவேல எந்திரிச்சு நின்னு மிதிச்சா பின்னாடி ஷாக் லேசா மேல கீழ ஆடுறது தெரியும், ரிப்மோல அந்த ஆட்டம் இல்ல. லீவர திருப்பி விட்டா சரியாயிடும். ஆனா உக்காந்து மிதிக்கும்போது நோமாட்ல இருந்த அந்த பின்னாடி சரியற ஃபீலிங் சுத்தமா போச்சு, சீட் ட்யூப் செங்குத்தா இருக்கிறதால உடம்பு பெடலுக்கு நேர் மேல நிக்குது, சீமோர்ல ஓல்ட் பக் ஏறும்போது முன்வீலு தூக்காம ஒட்டிக்கிட்டே போகுது. வேகமா ஏறாது, ஆனா ரெண்டாவது ரவுண்டு போலாமான்னு கேட்டா சரின்னு சொல்ற அளவுக்கு ஏறும், எனக்கு அது போதும்.

இறக்கத்துல தான் காசு வசூல். 170 காயில் வண்டிக்கும் இதுக்கும் எண்ணிக்கைல பின்னாடி 20 மிமீ வித்தியாசம், ஆனா 29 வீலு அதுல பாதிய விழுங்கிடுது. சீமோர்ல இருக்கிற பழைய ட்ரெயில்ல எல்லாம் நோமாட்டோட 27.5 வீலு ஒரு வேருக்கும் அடுத்த வேருக்கும் நடுவுல இறங்கி ஏறும், இது மேலயே உருண்டு போயிடுது. ஸ்குவாமிஷ்ல ஹாஃப் நெல்சன் மாதிரி பம்ப் பண்ணி ஓட்டுற வழுவழு ட்ரெயில்ல வேகம் குடுத்தா குடுத்தது கைல நிக்குது, நோமாட் அங்க எல்லாத்தையும் உறிஞ்சிட்டு தூங்கும்.

எங்க தோக்குது? விஸ்லர் பைக் பார்க்ல. ஏ லைன் ஜம்ப் எல்லாம் ஓகே, ஆனா ஆகஸ்ட் மாசம் எல்லாரும் பிரேக் புடிச்சு புடிச்சு வளைவுக்கு முன்னாடி தரை அலை அலையா ஆயிருக்கும் பாருங்க, அதுல சாயங்காலம் வரைக்கும் சுத்தினா உள்ளங்கை எரியும். காயில் ஷாக்கோட அருமை அப்ப தான் புரியும். ஆனா விஸ்லர்ல டவுன்ஹில் வண்டி வாடகைக்கே கெடைக்குது, பிரேக், டயர் எல்லாம் அவங்களோடது தேயட்டும். சீசனுக்கு சில நாள் போறதுக்கு ஒரு 170 வண்டிய வீட்ல வச்சு துடைச்சிட்டு இருக்கிறதுக்கு வாடகை எவ்வளவோ மேல். இன்னொரு பக்கம், பிசி பைக் ரேஸ் மாதிரி பல நாள் ரேஸ் போறவங்க ஸ்பர விக்காதீங்க, அந்த இடத்துல இது கால வாரிடும்.

அந்த ஆங்கிள் மாத்துற சமாச்சாரத்துக்கு வருவோம். மாத்தி மாத்தி ஓட்டி பாத்தாச்சு. 63 டிகிரில வச்சா செங்குத்து இறக்கத்துல கம்பீரமா இருக்கு, ஆனா மெதுவா ஏறும்போது முன்வீலு இடமும் வலமும் அலையுது. 65.5ல வச்சா ஒரு பரபரப்பு வருது, ஆனா அது ஸ்பர் ஆகல. கடைசில கம்பெனி வச்சிருந்த 64.5லயே திருப்பி வச்சுட்டேன், அங்கயே இருக்கு. ஆலன் கீ எடுத்து கப்ப மாத்த பெருசா நேரம் ஆகாது தான், ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி யாரு அத பண்ணிட்டு இருப்பா.

வண்டிய உண்மையிலேயே ரெண்டாக்கினது டயரு. ஸ்பர விக்கும்போது அதோட நல்ல வீல் செட்ட கழட்டி வச்சுக்கிட்டு வேற சாதா வீல போட்டு குடுத்தேன், வாங்கினவர்கிட்ட சொல்லி விலையும் கொறச்சு தான். அதுவும் 29, பின்னாடி 148 மிமீ அகல பூஸ்ட் ஹப்பு, இதுல அப்படியே உக்காருது. இப்ப கனமான செட்டுல முன்னாடி மாக்ஸிஸ் அசகை டயர், நல்லா ஒட்டுற மாக்ஸ்கிரிப் ரப்பர், பின்னாடி டிஹெச்ஆர் டூ, தடிச்ச டபுள் டவுன் கேசிங். லேசான செட்டுல முன்னாடி டிசெக்டர், பின்னாடி ரீகான். லேசான செட்ட மாட்டினா இது வேற வண்டி, நம்பவே மாட்டீங்க, அந்த ஒட்டுற ரப்பர் மவுண்டன் ஹைவேல எவ்வளவு தெம்ப தின்னுட்டு இருந்துச்சுன்னு அப்ப தெரியும். 2.5 டிகிரி ஆங்கிள் குடுக்காத வித்தியாசத்த ஒரு ஜோடி டயர் குடுக்குது.

இதுல ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. ரெண்டு செட்டுலயும் ஒரே சைஸ் ரோட்டர் (பிரேக் தட்டு) இருக்கணும், எனக்கு 200 மிமீ. அப்படி இருந்தும் ஹப்புக்கு ஹப்பு ஒரு மயிரிழை தள்ளி நிக்கும், வீல மாத்தினதும் பேட் உரசி கீச் கீச்னு கத்தும். ஒவ்வொரு தடவையும் பேட புடிச்சிருக்கிற பிரேக் காலிப்பர லூஸ் பண்ணிட்டு இருக்காம ரோட்டருக்கும் ஹப்புக்கும் நடுவுல 0.2 மிமீ வாஷர் போட்டு ஒரு தடவை சமமாக்கிட்டா அப்பறம் மாட்டு, ஓட்டு. இன்னொண்ணு செயின். கேசட் (பின்வீல் பல்சக்கரம்) ரெண்டு, செயின் ஒண்ணு, செயின் செக்கர் (தேய்மானம் அளக்கிற கருவி) 0.5 காட்டினதுமே மாத்திடுங்க, இல்லன்னா தேஞ்ச செயின் நல்லா இருக்கிற கேசட்டயும் சேத்து தின்னுடும், அடுத்து போடுற புது செயின் பல்லு மேல தவ்வ ஆரம்பிக்கும்.

டவுன் ட்யூப்ல (ஃபிரேமோட கீழ்ப்பக்கத் தடிச்ச குழாய்) ஒரு கதவு இருக்கு, ஸ்வாட்ம்பாங்க, உள்ள ட்யூபு, பம்பு, ஜாக்கெட், ஒரு சாண்ட்விச்சு கூட போகும். ரிப்மோ ரெண்டாவது வெர்ஷன்ல இது இல்ல. சிரிக்காதீங்க, முதுகுல பை இல்லாம ஓட்டிப் பழகினவன் திரும்ப பை மாட்ட மாட்டான்.

அம்மாகிட்ட போன்ல ரெண்டு சைக்கிள வித்துட்டு ஒண்ணு வாங்கினேன்னு சொன்னா உடனே மீதி பணம் எவ்வளவுன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. மீதி இல்ல. ஒரு கடைல எக்ஸ்சேஞ்சுக்கு நோமாட குடுக்க போனேன், அவங்க சொன்ன விலைக்கு அதுல இருந்த ஃபோர்க்க மட்டும் தனியா வித்தாலே வந்துடும், பேசாம திரும்பிட்டேன். தனியா ஆள் புடிச்சு வித்தது தான் சரி. மிச்சம்னா சர்வீஸ் செலவுல தான், ஃபோர்க் ஒண்ணு, ஷாக் ஒண்ணு, பேட் ஒரே டைப்பு.

இப்ப புதுசா வாங்குறவங்களுக்கு, 2024 கடைசில வந்த ஸ்டம்ப்ஜம்பர் 15ல அந்தக் கம்பெனியே சாதா ஸ்டம்ப்ஜம்பரையும் ஈவோவையும் ஒரே வண்டியா சேத்துட்டாங்க, பின்னாடி 145 மிமீ, ஜீனின்னு ஒரு புது ஷாக். அது நல்லா தான் இருக்கும் போல, ஆனா அது வந்ததால பழைய ஈவோ செகண்ட் ஹேண்ட்ல விலை எறங்கியிருக்கு, என் காசுக்கு நான் பழசத்தான் சொல்வேன். வாங்கும்போது ஹெட்செட் சாய்வு கப்பு கைல இருக்கான்னு கேளுங்க, நெறைய பேரு எங்கயோ ட்ராயர்ல போட்டு மறந்திருப்பாங்க. பின் சக்கரத்த கழட்டிட்டு செயின்ஸ்டேய கைல புடிச்சு பக்கவாட்டுல ஆட்டி பாருங்க, டொக்குன்னா பேரிங் போச்சு, அந்த செலவ விலைல கழிச்சு பேசுங்க. ஷாக் கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணதுன்னு பில்லு கேளுங்க, பில்லு இல்லன்னா பண்ணலன்னே வச்சுக்கிட்டு விலை சொல்லுங்க.