வயலில் ஊன்றும் நீர்மட்டக் குழாய்: இரண்டு போகம் பாவித்த பின்

எங்களுக்கு யாழ்ப்பாணத்து வலிகாமம் மேற்கில் மழையை நம்பி விதைக்கும் வயலும், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் சிறு காணியும் உண்டு. விவசாயப் பொருட்கடை ஒன்றில் "மெதேனைப் பாதியாகக் குறைக்கும், பூமி வெப்பமாவதைத் தடுக்கும்" என்ற துண்டுப்பிரசுரத்துடன் விற்கப்பட்ட நீர்மட்டக் குழாய்கள் நான்கை வாங்கி, இரண்டு காணிகளிலும் ஊன்றிப் பார்த்தேன்.

பொருள் மிக எளிமையானது. நான்கு அங்குல விட்டமுள்ள பீவீசீ குழாயில் ஓர் அடித் துண்டு. கீழ்ப்பகுதியில் சிறு துளைகள். துளையுள்ள பகுதி சேற்றுக்குள் இருக்கும்படி ஊன்றி, உள்ளே அடைபட்ட மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால், நிலத்துக்கடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அது 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறங்கியதும் வாய்க்காலைத் திறந்து 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சி, மறுபடி இறங்கவிட வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பல நாடுகளில் பரப்பிய முறை இது. பூக்கும் காலத்திலும் அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலைக் காயவிடவே கூடாது என்ற விதியைத் துண்டுப்பிரசுரம் கடைசி வரியில் சிறிய எழுத்தில் ஒளித்து வைத்திருப்பது மன்னிக்க முடியாத குறை. வேலைப்பாடும் சுமார்தான்: துளைகளின் பிசிறு நீக்கப்படாததால் சேறு அடைத்துக்கொள்கிறது, இரண்டு குழாய்களில் துளைகள் மேல் விளிம்புவரை போடப்பட்டிருந்ததால் வைக்கோல் கூளம் உள்ளே மிதந்தது.

மெதேன் பற்றிய கூற்றில் உண்மை உண்டு. தண்ணீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் அற்றுப்போனதும் மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அந்த வாயுவில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. மனிதச் செயல்களால் வெளிவரும் மெதேனில் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் நெல்வயல்களினுடையது. நூறாண்டுக் கணக்கில், பூமியைச் சூடாக்கும் வலிமையில் ஒரு கிலோ மெதேன் சுமார் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். மண்ணை இடையிடையே காற்றுப்படவிட்டால் வயலிலிருந்து வெளிவரும் மெதேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பல நாட்டு வயல்களில் அளந்து கண்டதே.

ஆனால் வெப்பத்தைத் தடுப்பதாகச் சொல்லும் துண்டுப்பிரசுரம், வெப்பம் வயலை என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வெயில்காலச் சிறுபோகத்தில் நண்பகல் வயற்சேற்றில் கால் வைத்தவருக்கு அது விளங்கும். மண் சூடேற அந்த நுண்ணுயிர்கள் விரைந்து இயங்குகின்றன. காற்றில் காபனீரொட்சைட்டு கூடுவதால் வேர் செழித்து, அவற்றுக்கு இரையும் கூடுகிறது. மறுபுறம், பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தச் சேர்க்கை கெட்டுப் பதர் மிகுகிறது. 63 பரிசோதனைகளின் தரவுகளைத் தொகுத்து நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வெளியான ஆய்வு, காபனீரொட்சைட்டு உயர்வால் விளைச்சல் 24.5 சதவீதம் கூடும்போது மெதேன் 42.2 சதவீதம் கூடுவதாகவும், வெப்பம் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் ஒரு கிலோ நெல்லுக்கான பச்சைவீட்டு வாயுக்களின் அளவு சுமார் 12 சதவீதம் உயர்வதாகவும் கணக்கிட்டது. இந்த 12 சதவீத உயர்வுக்கு முதன்மைக் காரணம் வெப்பத்தால் வரும் விளைச்சல் வீழ்ச்சியே. ஆகவே ஏக்கர்க் கணக்கில் குழாய் தரும் நன்மையின் ஒரு பகுதியை, மூடைக் கணக்கில் வெப்பம் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. யூரியா எறிந்த கையோடு வயலைக் காயவிட்டால் நைதரசு ஒட்சைட்டு வெளிவரும். பூமியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வலியது. தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் யூரியா இடுவதே தகும்.

கிளிநொச்சிக் காணியில், வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை ஒழுங்காகக் கிடைத்த வாரங்களில், குழாய் தன் வேலையைச் செய்தது. அயலவரைவிடக் குறைந்த தடவைகளே பாய்ச்சினேன், கதிரில் குறை தெரியவில்லை. முறை பிந்திய வாரத்தில் மட்டம் 15 சென்ரிமீற்றரையும் தாண்டி இறங்கியதைக் குனிந்து பார்த்துக் கவலைப்படத்தான் குழாய் உதவியது. வலிகாமத்து வயலிலோ கதை வேறு. அங்கே புழுதி விதைப்பு, அதாவது காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது. கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் வரம்பை மூடும்போது குழாயின் வாயும் மூழ்கிவிடும், வடியவிடுவதும் நம் கையில் இல்லை. வானம் பார்த்த காலபோக வயலுக்கு இதை வாங்குவது வீண் செலவு.

குளத்து நீர்ப்பாசனம் உள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பேன், ஆனால் கடைக் குழாயை அல்ல. அடுத்த சிறுபோகத்துக்கு வெறும் பீவீசீ குழாய் வாங்கி வந்து, கீழிருந்து எட்டு அங்குலம்வரை மட்டும் நானே துளையிட்டு, பிசிறைச் சீவி வைத்திருக்கிறேன்.