ஃபைபர் படகு கப்பல் ரேடாரில் தெரிகிறதா? ஏழு வருட அனுபவம்

என்னுடையது 27 அடி ஃபைபர் பாய்மரப் படகு. தெற்கு இங்கிலாந்தில், சௌத்தாம்டன் பக்கத்து ஹாம்பிள் ஆற்றில் கட்டி வைத்திருக்கிறேன். கோடையில் ஒரு தடவையாவது ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் செர்போர்க் வரை போய்வருவோம். எங்கள் கரைப்பக்கம் இருக்கும் நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல், எங்கள் வேகத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். நடுவில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக வரும் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தக் கப்பல்களுக்கு நாங்கள் தெரிகிறோமா என்ற கவலையில் மூன்று கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

ரேடார் அலை ஃபைபரைப் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். பாய் வெறும் துணி. அலுமினியப் பாய்மரம் இருக்கிறதே என்று நானும் நம்பியிருந்தேன். அது உருளை, நேராக நிற்கும்போதுதான் அலையை வந்த வழியே திருப்பும். காற்றில் படகு கொஞ்சம் சாய்ந்தாலும் அலை வானத்துக்கோ தண்ணீருக்கோ போய்விடும்.

முதலில் வாங்கியது 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள குழாய் ரிஃப்ளெக்டர், அதாவது ரேடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும் பொருள். விலை குறைவு, எடை இல்லை, பாய்மரக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். இரண்டு வருடம் அதை நம்பிக் கால்வாயைக் கடந்தேன். அப்புறம்தான் ஊசோ படகைப் பற்றிய விசாரணை அறிக்கையைப் படித்தேன். 2006 ஆகஸ்டில், ஐல் ஆஃப் வைட் தீவுக்குத் தெற்கே, இரவில், 'பிரைட் ஆஃப் பில்பாவோ' என்ற பெரிய பயணிகள் கப்பல் அந்தச் சிறிய படகின் மேல் மோதியோ மிக அருகில் கடந்தோ அது மூழ்கியிருக்கலாம் என்பது அறிக்கையின் முடிவு. மூன்று பேர் இறந்துபோனார்கள். நான் வழக்கமாகப் போகும் தண்ணீர் அது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த விசாரணையை ஒட்டி கினெட்டிக் நிறுவனம் பல ரிஃப்ளெக்டர்களைச் சோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டது. 4 அங்குலக் குழாய் வகை படகுக்கு ஏற்றதல்ல என்று அதில் நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது. உள்ளே இருக்கும், அலையைத் திருப்பும் உலோக மூலையின் பக்க அளவு பாதியானால், திரும்பும் எதிரொலி பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். குழாய்க்குள் அடங்கும் மூலைகள் எவ்வளவு சிறியவை என்று பாருங்கள்.

இரண்டாவது, எண்முக ரிஃப்ளெக்டர். மூன்று அலுமினியத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கோத்தது, எட்டுக் குழிகள் இருக்கும். கடையில் வாங்கும்போது ஒரு முனையில் ஓட்டை போட்டிருந்தது, அதில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டேன். அது தப்பு. ஒரு தெளிவான மதியம் எதிரே வந்த கப்பலை விஎச்எஃப் வானொலியில் கூப்பிட்டுக் கேட்டேன். "கண்ணுக்குத் தெரிகிறாய், திரையில் வந்து வந்து மறைகிறாய்" என்றார் பொறுப்பில் இருந்த அதிகாரி. குளிர்காலத்தில் ஒரு குழி நேராக மேலே பார்க்கும்படி, மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும்படி, மூன்று முனைகளில் கயிறு கட்டி மாற்றினேன். அப்போதுதான் மீதி ஆறு குழிகள் சுற்றிலும் பார்க்கும். அடுத்த கோடையில் வேறொரு கப்பல் ஆறு மைலிலேயே நிலையாகத் தெரிகிறது என்று சொன்னது. அதே தகடுதான், கட்டிய விதம்தான் வேறு.

ஆனாலும் கடல் கொந்தளிக்கும்போது பயம் போகவில்லை. அலைகளின் எதிரொலி திரையை மறைக்கிறது என்று கப்பலில் அதைக் குறைப்பார்கள், கூடவே சின்னப் படகின் புள்ளியும் காணாமல் போகும். அதனால் மூன்றாவதாக மின்சாரத்தில் இயங்கும் கருவியைப் பாய்மர உச்சியில் பொருத்தினேன். வரும் ரேடார் துடிப்பை வாங்கி, பெருக்கித் திருப்பி அனுப்புகிறது. எக்ஸ் பேண்ட், எஸ் பேண்ட் என்ற இரண்டு ரேடார் அலைவரிசைகளுக்கும் பதில் சொல்லும் வகையையே வாங்குங்கள். பெரிய கப்பல்களில் இரண்டு ரேடாரும் இருக்கும், மழையிலும் மோசமான கடலிலும் எஸ் பேண்டைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

போன வருடம் நடுக்கால்வாயில் மூடுபனி. பாயின் மறுமுனைகூடத் தெரியவில்லை. கீழே அந்தக் கருவியின் பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது, 'பீப்' சத்தம் சில நொடிக்கு ஒரு தடவை. ஏதோ ஒரு ரேடார் எங்களைத் தொடுகிறது என்று தெரிந்தது, எந்தத் திசை என்று தெரியவில்லை. கொம்பு ஊதிக்கொண்டே இருந்தோம். பத்து நிமிடம் கழித்து இடப்பக்கம் ஆழமான இயந்திர அதிர்வு, அப்புறம் மெதுவாக விலகிப் போனது. கப்பலை நாங்கள் பார்க்கவே இல்லை.

குறைகளும் உண்டு. பேட்டரி தீர்ந்தால் அது வெறும் பிளாஸ்டிக். படகு 15 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் இந்த வகையும் வலுவிழக்கிறது. மூன்றாம் குளிர்காலத்தில் இணைப்பில் உப்பு ஏறிப் பச்சையாகிவிட்டது, இப்போது வருடாவருடம் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். எண்முகத்தை இன்னும் இறக்கவில்லை.

படகின் இருப்பிடத்தை வானொலியில் தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். என்னிடம் சிறிய படகுகளுக்கான பி வகுப்பு ஏஐஎஸ் இருக்கிறது, 2 வாட், ஓடும்போது 30 நொடிக்கு ஒரு தடவை என் இடத்தையும் திசையையும் சொல்கிறது. அருமையான பொருள். ஆனால் ஜிபிஎஸ், ஆன்டெனா, பேட்டரி என்று எல்லாம் சரியாக இருந்தால்தான் பேசும். கப்பலில் பி வகுப்பைத் திரையிலிருந்து மறைத்து வைக்கவும் முடியும். நான் ஏஐஎஸ், ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவி இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

பழைய குழாயைப் பக்கத்துப் படகுக்காரர் விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை, ரம்பத்தால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். அடுத்த வாரம் அவர் ஒரு எண்முகம் வாங்கி வந்தார். குழி மேலே பார்க்கும்படி இரண்டு பேரும் சேர்ந்து கட்டினோம்.