எம்.எல்.பி. டிவி ஆண்டுச் சந்தா: தோற்கிற அணியின் ரசிகனுக்குக் கட்டுபடியாகுமா?

2025 சீசன் முழுக்க எம்.எல்.பி. டிவிக்குச் சந்தா கட்டிப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களை அந்த லீகே நேரலையில் காட்டும் சேவை இது. நான் இருப்பது காவேரிப்பட்டணம் பக்கம், நான் விடாமல் பார்க்கும் அணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். பேஸ்பால் தெரிந்தவர்கள் அந்தப் பெயரைப் படித்ததுமே ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இவர்கள் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1979-ல். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன், ஒரு வருடம்கூட விடாமல், வெற்றியைவிடத் தோல்வி அதிகம். வட அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் வேறு எந்த அணிக்கும் இவ்வளவு நீண்ட வறட்சி வந்ததில்லை. இந்தச் சேவையைப் பற்றி நான் படித்த விமர்சனம் எல்லாம் ஜெயிக்கிற அணிகளின் ரசிகர்கள் எழுதியது. அணி ஜெயித்துக்கொண்டே இருந்தால் எந்தச் சந்தாவும் நல்ல சந்தாதான். 162 ஆட்டத்தில் 91-ல் தோற்ற அணியைப் பார்க்கப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இந்த அணி எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் கேட்பார்கள். 2008 நவம்பரில் ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை, வேறு ஆள்), தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் இரண்டு பேரை பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன் பேஸ்பாலே ஆடாதவர்கள், ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், யார் வேகமாகப் பந்து எறிகிறார்கள் என்று ஒரு டிவி போட்டி வைத்து அதில் தேர்ந்தெடுத்து அமெரிக்கா கூட்டிப் போனார்கள். அப்போது நானும் பள்ளியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தேன், மாவட்டப் போட்டி வரைக்கும் போயிருக்கிறேன். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கே அது என் அணி ஆகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் மேஜர் லீக் வரை போகவில்லை, ரிங்கு அப்புறம் மல்யுத்தப் பக்கம் போய்விட்டார். நான் மட்டும் அணியை விடவில்லை.

சரி, சேவைக்கு வருகிறேன்.

முதலில் நேரம். பிட்ஸ்பர்க்கில் சாயங்காலம் 6:40-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 4:10. எங்கள் வீட்டில் இது ஒரு தொல்லையே இல்லை. அப்பாவுக்கு மாங்காய் மண்டியில் வேலை, மே மாதத்திலிருந்து ஜூலை வரைக்கும் நாலு மணிக்கே வீடு விழித்துவிடும். பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரைக்கும் ஓடும், மாங்காய் சீசன் அதன் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மதிய ஆட்டம் என்றால் நமக்கு ராத்திரி பத்து, பதினொன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் போய் ஆடினால் நமக்குக் காலை ஏழே முக்கால் வாக்கில் தொடங்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சிரமம். 2023-ல் பந்து எறிவதற்குக் கடிகாரம் வைத்த பிறகு ஓர் ஆட்டம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதனால் ஏழு மணிக்குள் முழு ஆட்டமும் பார்த்துவிட்டுக் குளிக்கப் போகலாம்.

வசதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எந்த ஊர் ஒளிபரப்பு வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்வது. இரண்டு அணிகளின் டிவி வர்ணனையும் இருக்கும், வானொலி வர்ணனையும் இருக்கும். எதிரணியின் வர்ணனையில் நம் அணி தோற்பதைக் கேட்பது ஒரு வகை, சொந்த ஊர்க்காரர்கள் வாயால் கேட்பது வேறு வகை. பைரேட்ஸ் வர்ணனையாளர் கிரெக் பிரவுன் 1994-லிருந்து இந்த அணிக்குப் பேசுகிறார். ஜெயித்தால் மட்டும், அணியின் பெயருக்கு ஏற்ற கடற்கொள்ளைக்காரக் கொடியை ஏற்றச் சொல்லி ‘ரெய்ஸ் த ஜாலி ராஜர்’ என்று அடித்தொண்டையிலிருந்து கத்துவார். அந்த ஒரு கத்தலுக்காக நான் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். தோற்ற நாட்களில் அந்த மனிதரின் குரல் மெல்ல இறங்குவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. அது வீட்டில் ஒரு பெரியவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

ஸ்கோரை மறைத்து வைக்கும் வசதியும் உண்டு. விடியற்காலை பார்க்க முடியாதவர்கள் அதைப் போட்டுவிட்டு ராத்திரி சாப்பிட்டபின் முடிவு தெரியாமலே பார்க்கலாம். அவ்வளவு நேரமும் இல்லையென்றால் சுருக்கிய வடிவம் ஒன்று இருக்கிறது, முக்கியமான பந்துகள் மட்டும் வரும். தோற்ற ஆட்டத்துக்கு அது போதும் என்று நினைக்காதீர்கள். ஏன் தோற்றோம் என்பது சுருக்கத்தில் தெரியாது. நம் ஆள் ஓட்டத்தை முடிக்காமல் பாதி வழியில் பேஸில் நின்று நின்று திரும்பிப் போன இன்னிங்ஸ்கள்தான் அங்கே வெட்டப்பட்டிருக்கும்.

மே 18 ஆட்டத்தைச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும். ஞாயிற்றுக்கிழமை, நமக்கு ராத்திரி 11 மணிக்குத் தொடங்கியது, பிலடெல்பியாவில். எங்கள் பக்கம் பந்து எறிந்தது பால் ஸ்கீன்ஸ். 2023-ல் லீகின் புது வீரர்கள் தேர்வில் முதல் ஆளாக பைரேட்ஸ் எடுத்த பையன், 2024-ல் சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கியவர், மேலுதட்டில் கனமான மீசை. மொட்டை மாடியில் பாய் போட்டு, தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வரும்போல இருந்ததால் தார்ப்பாய் எடுக்க அப்பா மேலே வந்தார். எடுத்துக்கொண்டு போகவேண்டியவர் அப்படியே நின்றார். “எவன்டா இந்த மீசைக்காரன், கல்லு எறியற மாதிரி எறியறான்?” என்று கேட்டுவிட்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பேஸ்பால் ஒன்றுமே தெரியாது, ஆனால் எறிகிறவன் கையைப் பார்த்தால் தெரியும் அவருக்கு, சின்ன வயதில் கவட்டையில் கிளி விரட்டியவர். மூன்று முறை அடிக்க முடியாமல் போனால் அவுட், அதுதான் ஸ்ட்ரைக் அவுட் என்று மட்டும் சொன்னேன். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

ஸ்கீன்ஸ் அன்றைக்கு எட்டு இன்னிங்ஸும் தானே எறிந்தார். எதிரணி அடித்தது மூன்றே அடி, எடுத்தது ஒரே ஒரு ஓட்டம், ஒன்பது பேர் ஸ்ட்ரைக் அவுட். எதிரணிக்கு எறிந்தது மிக் ஆபெல், மேஜர் லீகில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். அவரும் ஆறு இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கடைசியில் 1-0, தோல்வி. சொந்த மைதானத்தில் முன்னிலையில் இருக்கும் அணி ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆட வேண்டியதில்லை, அதனால் ஸ்கீன்ஸ் எறிந்த அந்த எட்டு இன்னிங்ஸ்தான் முழு ஆட்டம். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒருவனே எறிந்து, ஒரே ஓட்டம் கொடுத்து, தோற்றுப்போய் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான். அப்பா தார்ப்பாயை மடித்துக்கொண்டே, “முழுசா இவனே போட்டான். இத்தனை பேர் இருக்கறாங்க, ஒருத்தன்கூட ஒரு ரன் எடுத்துக் குடுக்கலையே” என்றார். மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது, நாலு மணிக்கு மண்டி.

அந்த சீசன் முழுக்கவும் இந்த ஒரு ஆட்டம் மாதிரியேதான். ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டம் 1.97, ஸ்ட்ரைக் அவுட் 216, சிறந்த பிட்சருக்கான, அதாவது பந்து எறிகிறவருக்கான, சை யங் விருதை ஒரு ஓட்டுகூட மாறாமல் வாங்கினார். அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10. எறிகிறவன் இவ்வளவு செய்தும் பாதிக்குப் பாதி தோல்வி என்றால் அடிக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது அணிகளில் அந்த வருடம் மிகக் குறைந்த ஓட்டம் எடுத்தது எங்கள் அணிதான்.

இதற்கெல்லாம் காரணம் பணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஐபிஎல்லில் வீரர்களுக்குச் செலவழிக்க எல்லா அணிக்கும் ஒரே வரம்பு, 2025 ஏலத்துக்கு அணிக்கு 120 கோடி ரூபாய். அதனால் எந்த அணியும் ஒரு வருடம் எழுந்து நிற்கலாம். பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஓசூர் நண்பர்கள் எல்லாம் ஆர்.சி.பி., 18 வருடம் காத்திருந்து 2025 ஜூனில் கோப்பை கிடைத்தபோது அவர்கள் அழுததைப் பார்த்தேன், எனக்கும் கண் கலங்கியது. மேஜர் லீகில் அப்படி ஒரு கட்டாய வரம்பு கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் வீரர்களின் சம்பளத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிற வருடத்தில் பைரேட்ஸ் 10 கோடிக்கும் கீழே. பிட்ஸ்பர்க் சின்ன ஊர், டாட்ஜர்ஸ் அளவுக்கு வருமானம் வராது என்பது உண்மை. அதற்காக இப்படியா? நன்றாக ஆட ஆரம்பிக்கிற ஆளை விலை ஏறுவதற்குள் வேறு அணிக்குக் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். 2018 ஜனவரியில் கெரிட் கோல், ஆண்ட்ரூ மெக்கட்சன் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். 2025 ஜூலை 31-ல் டேவிட் பெட்னர் போனார், பிட்ஸ்பர்க் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர். ஸ்கீன்ஸ் 2029 சீசன் முடிந்தால் தன் விருப்பப்படி போகலாம். அந்த வருடத்தை நான் இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2025-ல் சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தில் அணியை விற்றுவிடச் சொல்லி ரசிகர்கள் கோஷம் போட்டார்கள். அதே மாதம் இன்னொன்று நடந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராபர்டோ கிளெமென்டே என்று ஒரு மகான் இந்த அணிக்கு ஆடினார். 1972 டிசம்பர் 31-ல் நிகரகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டு போகும்போது விமான விபத்தில் இறந்தார். அவர் சட்டை எண் 21, அதனால்தான் மைதானத்தின் வலது பக்கச் சுவரை 21 அடி உயரத்தில் கட்டினார்கள். அந்தச் சுவரில் இருந்த அவர் அடையாளத்தின் இடத்தில் ஒரு மது விளம்பரத்தை வைத்துவிட்டார்கள். அவர் மகன் வெளிப்படையாகக் கேட்டபிறகு மன்னிப்புச் சொல்லிப் பழையபடி வைத்தார்கள். ஓட்டம் எடுக்காததற்குக்கூட நான் இவ்வளவு கோபப்பட்டதில்லை.

அப்புறம் ஏன் விடவில்லை என்றால், 2013. இருபத்தொரு வருடம் கழித்து அணி பிளே ஆஃப் போனது. அங்கே அக்டோபர் 1 ராத்திரி, இங்கே காந்தி ஜெயந்தி விடியற்காலை, கல்லூரி விடுமுறை. அப்போது என்னிடம் சந்தா எல்லாம் இல்லை, ஒவ்வொரு பந்தையும் போனில் எழுத்தில்தான் படித்தேன். பின்னால் வீடியோ பார்த்தேன்: நாற்பதாயிரம் பேர் கறுப்புச் சட்டையில், எதிரணியான சின்சினாட்டியின் பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கத்துகிறார்கள், அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுகிறது, அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் வெளியே தூக்கி அடிக்கிறார். 6-2 வெற்றி. அதற்கு அடுத்த இரண்டு வருடமும் ஒரே ஆட்டத்தில், ஒரு ஓட்டம்கூட எடுக்காமல் வெளியே போனோம். 2015-ல் 98 ஆட்டம் ஜெயித்தும் அதே கதி. அதன்பின் 2025 வரை பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. பழைய ஆட்டங்களை மறுபடி பார்க்கிற பழக்கம் இருப்பவர்களுக்கு அந்த 2013 ஆட்டம் ஒன்றே போதும்.

இனி காசு. 2025 சீசனுக்கு எல்லா அணிகளுக்குமான ஆண்டுச் சந்தா 149.99 டாலர். வங்கிக்காரர்கள் எடுத்துக்கொள்வதையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரே அணிக்கான சந்தா கொஞ்சம் குறைவாக இருந்தது. சீசன் பாதி தாண்டினால் வழக்கமாக விலையைக் குறைப்பார்கள், புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அதுவரை பொறுக்கலாம். வானொலி மட்டும் கேட்கும் சந்தா தனியாக இருக்கிறது, விலை இதில் ஒரு சின்னப் பங்குதான். தோற்கிற அணியின் ரசிகர் யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் அதைத்தான் சொல்வேன். டேட்டாவும் மிச்சம்: படத்தோடு முழு ஆட்டம் பார்த்தால் என் போனில் அன்றைய இரண்டு ஜிபி காலி. கோடை மழைக்கு எங்கள் பக்கம் கரண்ட் போனால் வீட்டு நெட்டும் சேர்ந்தே போய்விடும், அந்த நேரத்தில் படம் நின்று நின்று வரும், வானொலி மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடும். வண்டி ஓட்டுகிறவர்கள், மண்டியில் தரம் பிரிக்கிறவர்கள் எல்லாம் காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். மொத்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

ஆனால் நான் அடுத்த சீசனுக்கும் படத்தோடுதான் கட்டப்போகிறேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வர்ணனை புரியாது. ஸ்கீன்ஸ் ஐந்து நாளுக்கோ ஆறு நாளுக்கோ ஒருமுறைதான் எறிவார் என்று சொல்லிவைத்திருந்தேன். ஜூன், ஜூலை முழுக்க மண்டிக்குக் கிளம்பும்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே படிக்கட்டுக்குக் கீழிருந்து குரல் கொடுப்பார்: “இன்னிக்கு மீசைக்காரனாடா?” ஆமாம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்து ஒரு இன்னிங்ஸ் பார்த்துவிட்டுத்தான் போவார்.