ரீலோடிங் பெஞ்சுக்கு அடில தரைக்கு என்ன போடுறது: 4 வருஷத்துல 3 தடவ மாத்துன கத

நான் இருக்கிறது டெக்ஸாஸ், டல்லாஸ் பக்கம். ரேஞ்சுக்குப் போய் சுடப் பழகி, சுட்ட பித்தளை கேஸை (தோட்டாவோட வெத்துக் கூடு) எல்லாம் பொறுக்கிட்டு வந்து வீட்லயே ரீலோட் பண்ண ஆரம்பிச்சு 4 வருஷம் ஆச்சு. ரீலோட்னா அதே கேஸ்ல புது பிரைமர் (அடில இருக்கிற, தட்டுனா வெடிக்கிற குட்டி மூடி), வெடிமருந்துப் பவுடர், புல்லட் எல்லாம் போட்டுத் திரும்ப தோட்டா ஆக்குறது. எந்த பிரெஸ் (கைப்பிடிய அமுக்கி கேஸத் தோட்டா ஆக்குற மெஷின்) வாங்கலாம் எந்த எடை போடுற ஸ்கேல் வாங்கலாம்னு கேட்டா ஆளாளுக்கு மணிக்கணக்கா பேசுவாங்க, தரையப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க, நானும் யோசிக்கல, அதான் இந்தப் பாடு. (ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: இங்க சொந்த உபயோகத்துக்கு வீட்ல பண்றதுக்குத் தடை இல்ல. நம்ம ஊர்ல ஆயுதச் சட்டம் வேற மாதிரி, லைசென்ஸ் இல்லாம கை வைக்கிற விஷயமே இல்ல.)

பெஞ்ச் இருக்கிறது கீழ ஒரு சின்ன ரூம்ல. தரை வினைல் பிளாங்க், மரம் மாதிரியே இருக்கும், ஒண்ணோட ஒண்ணு கிளிப் ஆகி கீழ ஒட்டாம சும்மா கிடக்கிற வகை. மொதல்ல என் கவலை எல்லாம் கீறலும் பள்ளமும் தான். பெஞ்ச் 2x4 கட்டையில நானே அடிச்சது, அதுக்கு மேல இரும்பு பிரெஸ், கீழ் தட்டுல புல்லட் டப்பாங்க. 124 கிரெய்ன் (புல்லட் எடைய அளக்குற அலகு) புல்லட் ஆயிரம் எடுத்தாலே கிட்டத்தட்ட 8 கிலோ வரும், அப்படி நாலஞ்சு டப்பா, கணக்குப் போட்டுக்கோங்க. தரைக்கு அடி படக்கூடாது, நிக்கிற காலுக்கும் மெத்துன்னு இருக்கணும்னு, பிள்ளைங்க விளையாடுற ரூம்ல போடுவாங்களே பஸில் மாதிரி கோத்துக்கிற ஃபோம் டைல், அத வாங்கி விரிச்சேன். கறுப்பு கலர். அத நினைச்சா இப்பவும் என்னை நானே திட்டிக்குவேன்.

ஒரு நாள் பவுடர் மெஷர்ல (பவுடர அளந்து விடுற கருவி) மிச்சம் இருந்தத திருப்பி டப்பால கொட்டும்போது டப்பாவ சரியா வைக்கல, பாதி உள்ள பாதி வெளிய. நான் யூஸ் பண்றது ball powder (குட்டி உருண்டையா இருக்கிற வெடிமருந்து), பாக்க கசகசா மாதிரியே இருக்கும், நிறமும் கறுப்பு, விழுந்ததும் கறுப்பு ஃபோம் மேல. எவ்வளவு கொட்டுச்சுன்னே தெரியல, டைலுக்கு டைல் அந்த ஜிக்ஜாக் இடுக்கு பூரா இறங்கிடுச்சு. இதுக்கு வேக்குவம் கிளீனர் தொடவே கூடாது, உள்ள மோட்டார்ல வர்ற பொறி போதும் தீப்பிடிக்க, பவுடர் டப்பாலயே துடைப்பமும் டஸ்ட்பேனும் யூஸ் பண்ணுங்கன்ற மாதிரி தான் போட்டிருப்பாங்க. ராத்திரி 11 மணிக்கு ஒவ்வொரு டைலா பேத்து, தட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால கூட்டி அள்ளினேன், ஒரு மணி நேரம் ஆச்சு. தரைல விழுந்த பவுடர டப்பால திருப்பிப் போடக் கூடாது, தூசி தும்பு கலந்துடும், அதனால கொல்லைல புல்லு மேல மெலிசா தூவி விட்டேன். ஃபோம் அன்னைக்கே குப்பைக்குப் போச்சு.

அடுத்தது எல்லாரும் சொல்ற குதிரை லாயத்து ரப்பர் மேட். 4க்கு 6 அடி, முக்கால் இஞ்ச் கனம், ஒண்ணு கிட்டத்தட்ட 45 கிலோ, பண்ணைச் சாமான் விக்கிற கடைல கிடைக்கும். தூக்கிட்டு வர்றதுக்குள்ள இடுப்பு போச்சு. மொத ஒரு மாசம் ரூம் பூரா டயர் கடை நாத்தம். ஆனா உண்மையச் சொல்லணும், மேட்ல குறையே சொல்ல முடியாது, எது விழுந்தாலும் தாங்கும், ஆடாது, அசையாது. கராஜ்ல காங்கிரீட் மேல பெஞ்ச் வச்சிருக்கிறவங்க கண்ண மூடிட்டு வாங்கலாம், கீழ ஈரம் தங்கியிருக்கான்னு அப்பப்ப ஓரத்தத் தூக்கிப் பாத்தா சரி.

வில்லங்கம் வந்தது என் வினைல் தரையால. ஒன்றரை வருஷம் கழிச்சு பெஞ்ச நகத்தி மேட்டத் தூக்குனா, கீழ அச்சு அசலா 4க்கு 6 அடில மஞ்சளும் பழுப்புமா ஒரு கறை. அழுக்குன்னு நினைச்சு சோப்பு, ஆல்கஹால், பேக்கிங் சோடா எல்லாம் போட்டுத் தேச்சேன், போகல. ரப்பர்ல கலக்குற கெமிக்கல் வினைலுக்குள்ள இறங்கி நிறத்தையே மாத்திடும்னு அப்புறம் தான் படிச்சேன், மேல இருக்கிற அழுக்கா இருந்தா தானே தேச்சா போகும். வினைல் தரைக்கு ரப்பர் அடி வச்ச மிதியடியே ஆகாதாம். பெஞ்ச் காலுக்கு அடில ஐஸ் ஹாக்கி பக் (அந்த விளையாட்டுல அடிக்கிற தட்டை வட்டு) வச்சிருந்தேன், எல்லாரும் சொல்ற டிரிக் தான், அதுவும் ரப்பர் தானே, அங்கயும் நாலு வட்டம் காப்பி டபரா வச்ச தடம் மாதிரி. போதாததுக்கு வெயிட் ஒரே பக்கம் அமுக்கி வச்சதுல பிளாங்க் விரியச் சுருங்க முடியாம ஒரு ஜாயிண்ட் நகக்கண் அளவு வாயப் பொளந்திருந்துச்சு.

இதுக்கு நடுவுல அம்மா 6 மாசம் வந்து இருந்தாங்க. ஒரு நாள் காலைல ரூமக் கூட்டிட்டு உள்ளங்கைய நீட்டி, "டேய், யாரோட மூக்குத்திடா இது, திருகாணியக் காணோம்?" பாத்தா வெடிச்ச பிரைமர். சின்ன சைஸ் பிரைமர் 4.4 மில்லிமீட்டர் தான், பாக்க அப்படியே ஒத்தக்கல் மூக்குத்தி. பிரெஸ்ல பழைய பிரைமர தள்ளும்போது பிடிக்கிறதுக்கு ஒரு கப் இருக்கு, ஆனா பத்துக்கு ஒண்ணு எகிறி கீழ தான் விழும். நான் வாங்கி அப்படியே குப்பைல போட்டுட்டு அவங்கள ஓடிப் போய் கைய சோப்பு போட்டுக் கழுவச் சொன்னேன், அவங்களுக்கு ஒண்ணும் புரியல.

விஷயம் என்னன்னா வழக்கமான பிரைமர்ல லெட் ஸ்டிஃப்னேட்னு ஈயம் சேர்ந்த கெமிக்கல் இருக்கு, சுட்டதுக்கு அப்புறம் உள்ள ஒட்டியிருக்கிற கரில ஈயத் தூசி இருக்கும். கேஸ் பாலிஷ் பண்ற டம்ளர் (நம்ம காப்பி டம்ளர் இல்ல, உருட்டுற மெஷின்) கொட்டும்போது பறக்கிறதும் அது தான். எங்க பொண்ணு அப்ப தவழ ஆரம்பிச்ச சமயம். அதுவரைக்கும் நான் தரையக் காப்பாத்துறதா நினைச்சுட்டு இருந்தேன், தரைல இருந்து பிள்ளையக் காப்பாத்தணும்னு அன்னைக்கு தான் உறைச்சுது. வீட்டுத் தரைத் தூசில சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம் ஈயம் இருந்தா ஆபத்துன்னு 2001ல வச்ச கணக்க ஈபிஏ (அமெரிக்க சுற்றுச்சூழல் துறை) 2019ல 10 ஆக்கிட்டாங்க, அதையும் பிறகு இன்னும் குறைச்சாங்க. ஒரு வயசு செக்கப்ல ரத்தத்துல லெட் டெஸ்ட் எடுத்தோம், நார்மல். ரிசல்ட் வர்ற வரைக்கும் தூக்கம் இல்ல.

அதுக்கப்புறம் போட்டது தான் இப்ப 2 வருஷமா ஓடிட்டு இருக்கு. தரை மேல மொதல்ல ஹார்ட்போர்டு ஷீட், அதுக்கு மேல வெட்டுத் துண்டா மலிவா கிடைக்கிற வினைல் ஷீட், ஒரே பீஸு, நடுவுல ஜாயிண்டே கிடையாது, வெளிர் சாம்பல் கலர், 35 டாலர் தான் ஆச்சு. சுத்தி ஓரத்துல கால் வட்ட மரச் சட்டம் வச்சு வரப்பு கட்டுன மாதிரி பண்ணிட்டேன். இந்த வரப்பு தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, பிரைமர் விழுந்தா டிங்னு சத்தம் கேக்கும், உருண்டு போய் சட்டத்துல முட்டி நிக்கும், வெளிர் கலர்ல பளிச்சுன்னு தெரியும். வெடிக்காத புது பிரைமர் விழுந்தா இதோட அருமை தெரியும், அத மிதிக்கவோ வேக்குவம்ல உறிஞ்சவோ விட்டுட முடியாது, கிடைக்கிற வரைக்கும் தேடித் தான் ஆகணும்.

சுத்தம் பண்றதும் சுலபம், வேலை முடிஞ்சதும் சிதறுன பவுடர் இருந்தா பிரஷ்ஷால அள்ளிட்டு ஈரப் பேப்பர் டவலால ஒரே பக்கமா துடைச்சு அப்படியே குப்பைல. ஈரம் இல்லாம கூட்டுனா தூசி கிளம்பும். அம்மா டெய்லி ஈரத்துணி போட்டுத் துடைக்கிறத "எதுக்கும்மா தினமும்"னு கேட்டவன் நான். ரூமுக்கு தனிச் செருப்பு, அது வாசலத் தாண்டாது. ரோபோ வேக்குவமுக்கு அந்த ரூம் மேப்லயே இல்ல, ஒரு தடவ உள்ள புகுந்து நாலு பழைய பிரைமர முழுங்கி கடகடன்னு சத்தம் போட்டுட்டு வந்துச்சு, ஏற்கனவே வெடிச்ச பழசா இருந்ததால பொழச்சோம்.

கால் வலிக்கு சின்னதா ஒரு மெத்து மேட் மேல போட்டிருக்கேன், துடைக்கும்போது எடுத்துடுவேன். குறைன்னு பாத்தா, கேஸ்ல அடிக்கிற லானோலின் லூப் (எண்ணெய் மாதிரி வழுவழுன்னு இருக்கிறது) கீழ சிந்தினா வழுக்கும், ஒரு தடவ பிரெஸ் கைப்பிடியப் பிடிச்சதால விழாமத் தப்பிச்சேன். ஜனவரில தரை ஜில்லுன்னு இருக்கும். ஹார்ட்போர்டுக்கு அடில அந்த மஞ்சக் கறை இன்னும் அப்படியே தான் இருக்கு, வீட்ல இன்னும் பாக்கல. அதே கலர்ல 6 பிளாங்க் கராஜ்ல எடுத்து வச்சிருக்கேன், லீவுல அவங்க ஊருக்குப் போகும்போது மாத்திடலாம்னு இருக்கேன்.