பத்தாவதோடு நின்றுபோகும் குடிமையியல்: எந்தக் கட்டாயம் நமக்குப் பொருந்தும்?

மே மாதக் கடைசியில் பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும்போது பள்ளி வராண்டாவில் தவறாமல் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. போன முறை அதைச் சொன்னவர் சென்னிமலைப் பக்கம் தறி வைத்திருப்பவர். "பையன் சோசியல்ல தொண்ணூத்தெட்டு வாங்கிட்டானுங்க சார். அந்த மார்க்கு கணக்குல வந்திருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்! குரூப்புக்கு இது உதவாதுங்களே." பையன் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். தீரன் சின்னமலையைப் பற்றி வகுப்பில் எழுந்து நின்று பத்து நிமிடம் பேசியவன் அவன். கணினி அறிவியல் குரூப்பில் சேர்ந்தான். அதோடு அவனுக்கு வரலாறும் குடிமையியலும் முடிந்தது.

ஈரோடு மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பக்கம் பத்தாவதில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பயோ-மேத்ஸோ கம்ப்யூட்டரோதான் எடுக்கிறார்கள். பதினைந்து வயதில் அரசமைப்புச் சட்டத்தை மூடி வைத்தால், பதினெட்டில் ஓட்டுச் சாவடிக்குப் போகும்வரை அதை யாரும் திறக்கச் சொல்வதில்லை. வரலாற்றையும் குடிமையியலையும் அரசு எந்த வயதில், எந்த அளவில், எந்த வடிவில் கட்டாயமாக்க வேண்டும் என்ற கேள்வியை அதனால்தான் இவ்வளவு ஆர்வமாகத் தேடிப் படித்தேன். நம்மிடம் இருப்பதையும் வெளியில் செய்து பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில் பள்ளி. ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா என்று பெற்றோர் கேட்கும்போது நீட், ஜேஇஇ கணக்கில்தான் கேட்கிறார்கள். சோசியல் புத்தகத்தை வைத்து யாரும் கேட்டதில்லை. வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிது.

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு வரலாற்றில் தமிழ்நாடு நடுவில் நிற்கிறது. ஆங்கிலேயருக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகளில் பூலித்தேவர், வேலுநாச்சியார், மருது சகோதரர்கள், நம் சின்னமலை, 1806 வேலூர்ப் புரட்சி எல்லாம் வரும். விடுதலைப் போரில் தமிழ்நாட்டின் பங்குக்குத் தனி அலகு. சமூக மாற்றங்களுக்கு இன்னொரு அலகு: அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், நீதிக்கட்சி, பெரியார். ஈரோட்டில் பிறந்து, ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த ஒருவரைப் பற்றி ஈரோட்டுப் பிள்ளை பாடப் புத்தகத்தில் படிப்பது சின்ன விஷயமில்லை. சமச்சீர் வந்தபிறகு மெட்ரிக் பள்ளிகளுக்கும் இதே புத்தகம்தான் என்பதால் இது பரவலாகவும் போய்ச் சேர்கிறது.

சிபிஎஸ்இயின் பத்தாம் வகுப்பு வரலாறு ஐரோப்பிய தேசியவாதத்தில் தொடங்கி, இந்திய தேசிய இயக்கம், உலகமயம், தொழில்மயம், அச்சுப் பண்பாடு என்று போகும். சின்னமலைக்கு அங்கே இடமில்லை. ஆனால் அதன் குடிமையியல் பகுதியை நான் மனதாரப் பாராட்டுவேன். முதல் பாடமே அதிகாரப் பகிர்வு. பெல்ஜியம் மொழிச் சிக்கலை எப்படித் தீர்த்தது, இலங்கை 1956-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கி எங்கே போய் நின்றது என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பிள்ளையை யோசிக்க விடுகிறது. சாதி, மதம், பாலினம் மூன்றும் அரசியலில் எப்படிக் கலக்கின்றன என்று நேராகவே பேசும் பாடமும் உண்டு. நம் புத்தகத்தின் குடிமையியலில் குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள், ஆளுநரின் அதிகாரங்கள், வெளியுறவுக் கொள்கை என்று பட்டியல்தான் அதிகம். சிபிஎஸ்இயிலும் குறை இல்லாமலில்லை: மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும், ஜனநாயகத்தின் சவால்கள் என்ற பாடங்களைப் பாடச் சுமை குறைப்பின்போது எடுத்துவிட்டார்கள். பெருமாநல்லூர் வழியாகப் பள்ளி வேனில் தினமும் போகிற பிள்ளைக்குப் போராட்டங்கள் பற்றிய அந்தப் பாடம் மிகவும் வேண்டியது. 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்களில் மூன்று பேர் துப்பாக்கிச்சூட்டில் செத்த ஊர் அது. நினைவிடம் ரோட்டோரத்திலேயே இருக்கிறது.

வரலாற்றுக்கு ஸ்டேட் போர்டு, குடிமையியலுக்கு சிபிஎஸ்இ என்பது என் தீர்ப்பு. ஐசிஎஸ்இயில் வரலாறும் குடிமையியலும் சேர்ந்து கட்டாயத் தாள். பாடம் ஆழமானது, ஆனால் நம் மாவட்டங்களில் அதைப் படிக்கிற பிள்ளைகள் மிகக் குறைவு.

புத்தகம் எதுவானாலும் தேர்வு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நம் சமூக அறிவியல் வினாத்தாளில் நூறு மதிப்பெண். ஒன் மார்க் 14, பிறகு இரண்டு மார்க், ஐந்து மார்க், கடைசியில் எட்டு மார்க். புக் பேக் கேள்விகளை உருப்போட்டு, காலக்கோட்டையும் வரைபடத்தையும் பழகிவிட்டால் தொண்ணூறைத் தாண்டலாம். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு பிராய்லர் பள்ளி என்று பெயர் வந்ததே இந்த உருப்போடுகிற முறையால்தான். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பத்தாம் வகுப்பு போர்ஷனைத் தொடங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிப் படித்துவந்த பிள்ளைகளைப் பிளஸ் ஒன்னில் பார்த்திருக்கிறேன். அடிப்படை உரிமைகளை வரிசையாக ஒப்பிப்பார்கள். தன் ஊர் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்டால் முழிப்பார்கள்.

சரி, கல்லூரியில் விட்டதைப் பிடிக்கலாமா?

அண்ணா பல்கலைக்கழகம் 2022-இலிருந்து பொறியியல் முதலாண்டில் இரண்டு தாள்களைக் கட்டாயமாக்கியது. முதல் செமஸ்டரில் தமிழர் மரபு, இரண்டாவதில் தமிழரும் தொழில்நுட்பமும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட், அதாவது பட்டம் வாங்கச் சேர்க்க வேண்டிய பாட அளவில் ஒரு அலகு. 160-ஐ ஒட்டிய மொத்தக் கிரெடிட்டில் இரண்டு என்றாலும், எந்தக் கட்டாயமும் இல்லாமலிருந்த இடத்தில் வந்தது பெரிய வரவு. என் மகள் கோவையில் பொறியியல் படிக்கிறாள். தொழில்நுட்பத் தாளில் மணி செய்யும் தொழில் வருகிறது: கல்மணி, கண்ணாடி மணி, சங்கு மணி. விடுமுறையில் வந்தபோது கொடுமணலுக்குக் கூட்டிப்போனேன். நொய்யல் கரை. சங்க காலத்தில் கல்மணி அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும், இரும்பு உருக்கிய தடயங்களும் அகழாய்வில் கிடைத்த ஊர். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடுகிறதே, அதுதான். வயல் வரப்பில் நின்றுகொண்டு, "பரீட்சைக்கு இதையெல்லாம் எழுதினேனுங்கப்பா, நம்மூருன்னு யாருமே சொல்லவேயில்லீங்களே" என்றாள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

மரபுக்கு இடம் கிடைத்த அந்தப் பட்டப்படிப்பில் குடிமையியலுக்கு அதே அளவு உறுதியான இடம் கிடைக்கவில்லை. இந்திய அரசும் அரசியலும் பற்றிய தாள், கிரெடிட் இல்லாத தாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இருக்கிறது. கிரெடிட் இல்லாத தாளுக்கு எந்தப் பிள்ளை உழைக்கும்? கலை அறிவியல் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வி, மனித உரிமைகள் பற்றிய விழுமியக் கல்வி என்று பார்ட் ஃபோரில் தாள்கள் உண்டு. மெலிந்த நோட்ஸ் ஒன்றைத் தேர்வுக்கு முதல்நாள் படித்துத் தேறுவதுதான் நான் பார்த்த நடைமுறை.

உண்மையில் இங்கே இளைஞர்களைக் குடிமையியல் படிக்கவைப்பது டிஎன்பிஎஸ்சி. இருபத்திரண்டு வயதில் ஆறாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். ஈரோட்டில் நூலகத்தில் எந்த நாளும் பார்க்கலாம். அவர்களில் என் பழைய மாணவர்களும் உண்டு. "அப்பவே ஒழுங்காப் படிச்சிருக்கலாமுங்க சார்" என்பார்கள். வேலைக்காகப் படிக்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற கல்வியாக அது ஆகிவிட்டதே என்றுதான் எனக்கு வருத்தம்.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் கையில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழி பிடித்திருக்கிறது. மூன்று வழிகள் நம்மோடு ஒப்பிடத் தக்கவை.

அரிசோனா 2015-இல் தேர்வு வழியை எடுத்தது. குடியுரிமை கேட்டு வருகிறவர்களுக்கு அப்போது வைத்த நூறு கேள்விகளையே பள்ளிப் பிள்ளைகளுக்கும் வைத்து, தொடக்கத்தில் 60 சரியாக எழுதினால்தான் பள்ளிப் படிப்பு முடியும் என்றது. வேறு பல மாநிலங்களும் பின்னால் வந்தன. செலவு குறைவு, எல்லாருக்கும் போய்ச் சேரும். ஆனால் கொங்கு நாட்டுக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நூறு கேள்விகளுக்கு மறு வாரமே கைடு வந்துவிடும். ஒரு மாதத்தில் விடுதிப் பள்ளிகள் நூற்றுக்கு நூறு எடுக்கவைத்துவிடும். நம் ஒன் மார்க் நோய்க்கு அதே நோயை மருந்தாகக் கொடுப்பது போலாகும்.

டெக்சாஸ் பாடத்தின் வழி. அங்கே அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் வாங்க, ஆட்சியியலில் 6 கிரெடிட் மணியும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் மணியும் படித்தாக வேண்டும். பொறியியல் படித்தாலும் விலக்கில்லை. நமது இரண்டு கிரெடிட்டோடு வைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த இடம் வேறு: ஆட்சியியல் பாடம் நாட்டின் அரசமைப்பை மட்டுமல்லாமல் டெக்சாஸ் மாநில அரசமைப்பையும் சொல்லித்தர வேண்டும் என்கிறது சட்டம். வரலாற்றுக் கிரெடிட்டில் ஒரு பங்கை மாநில வரலாற்றிலேயே எடுத்துக்கொள்ளவும் விடுகிறது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மாநில அரசு, உள்ளாட்சி பற்றிப் படித்தாக வேண்டும். உள்ளூர் என்பது அங்கே ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை.

அந்த விதி நம்மிடம் இருந்தால் என்ன வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அரசமைப்பு நிர்ணய சபையில் கோவையிலிருந்து டி.ஏ. ராமலிங்கம் செட்டியார், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலத்தின் ப. சுப்பராயன், பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் என்று நம் கொங்கு நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். வகுப்பில் பல ஆண்டு கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு கையும் எழுந்ததில்லை. 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளிகள் நால்வரைப் பற்றிக் கேட்டாலும் இதே கதிதான். அரசமைப்பு எங்கோ தில்லியில் எழுதப்பட்டது என்ற நினைப்போடு பிள்ளை வெளியே போகிறது.

மூன்றாவது வழி மாசசூசெட்ஸ். 2018 சட்டப்படி எட்டாம் வகுப்பில் ஒரு முறையும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும் மாணவர்களே முன்னின்று ஒரு குடிமைச் செயல்திட்டம் செய்ய வேண்டும்; கட்சி சாராமல். ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்து, அது யார் அதிகாரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, உரியவரிடம் கொண்டுபோக வேண்டும். மதிப்பிடுவது கடினம், ஆசிரியருக்கு வேலை அதிகம். ஒருவரிடம் எழுதி வாங்கி ஒப்படைக்கிற ஆபத்தும் உண்டு; நம் அறிவியல் கண்காட்சி மாடல்கள் கடையில் விற்பதைப் பார்த்தவன் நான். அதையெல்லாம் தெரிந்தே சொல்கிறேன், மூன்றில் நமக்கு மிகப் பொருந்துவது இதுதான்.

நம் ஊர்களில் இதற்கு எடுக்க எடுக்கக் குறையாத சரக்கு இருக்கிறது. நொய்யலை எடுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு, அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, வயல் கெட்ட உழவர்கள், உயர்நீதிமன்றத்தில் வழக்கு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவு, வேலை இழந்த தொழிலாளி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதற்கு, நீதிமன்றம் எதற்கு, ஊராட்சி எதற்கு என்று ஒரே ஆற்றை வைத்துச் சொல்லித்தந்துவிடலாம். தறிக்காரர் மகனும் தோட்டத்துக்காரர் மகளும் ஒரே குழுவில் உட்கார்ந்தால் வாக்குவாதம் வரும். வரட்டும், அதிகாரப் பகிர்வுப் பாடம் அங்கேதான் புரியும்.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். 2017-18-இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது என்று மாநிலக் கல்விக் கொள்கையோடு அறிவித்தார்கள். அந்த ஆண்டைப் பிளஸ் டூ போர்ஷன் விழுங்கிவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறோம். விழுங்குமுன் வாரத்துக்கு இரண்டு பீரியடைக் குடிமையியலுக்கு எழுதிவைக்க வேண்டும், எல்லா குரூப்புக்கும். ஒரு குழு, ஒரு பிரச்சினை, ஒரு மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம்; பத்து ரூபாய் கட்டித் தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டு முப்பது நாள் காத்திருக்கலாம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு எப்படி என்பதும் பாடம்தான். கல்லூரியில் தமிழர் மரபுக்குக் கொடுத்ததைப் போல அரசமைப்புக்கும் உள்ளாட்சிக்கும் குறைந்தது ஒரு கிரெடிட், பட்டியலில் போடாமல் நேரடிக் கட்டாயமாக.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்து, போன அக்டோபர் மாதக் கிராம சபைக்குப் பிளஸ் ஒன் பிள்ளைகள் பதினொரு பேரைக் கூட்டிப்போனேன். அந்தத் தறிக்காரர் மகனும் வந்தான். ஓட்டு இல்லாததால் ஓரமாகத்தான் உட்கார்ந்தார்கள். தீர்மானங்களை வாசித்து முடித்தபிறகு அவன் எழுந்து, "வாய்க்கால் தூர்வார எவ்வளவு ஒதுக்கியிருக்குங்க?" என்று கேட்டான். ஊராட்சிச் செயலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டத் தொடங்கினார்.